தொலைக்காட்சி முன் ஞாயிறு பூசை: ஒரு கைமணியும் இரண்டு பிள்ளைகளும்

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா பரவலால் நாடு முழுவதும் மக்கள் ஊரடங்கு. தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, ஞாயிறு காலையில் நல்ல உடல்நிலையோடு இருந்தும் நான் கோயிலுக்குக் கிளம்பாத முதல் நாள் அதுதான். மகளுக்கு அப்போது ஐந்து வயது. மகனுக்கு இரண்டரை. வீட்டில் கணவரும் அவருடைய அம்மாவான, எழுபத்து நான்கு வயதான மாமியும் இருந்தார்கள். தொலைக்காட்சியில் திருப்பலி, அதாவது நாங்கள் பூசை என்று சொல்லும் வழிபாடு, ஒளிபரப்புவார்கள், எல்லோரும் உட்கார்ந்து பார்த்துவிடலாம், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அன்றைக்குப் பிறவியிலேயே பார்வையற்றவரை இயேசு குணமாக்கும் நற்செய்தி. யோவான் 9ஆம் அதிகாரம் முழுவதும், நாற்பத்தொரு வசனங்கள். பெரியவர்களுக்கே நீளமான வாசகம். நாங்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். கணவர் கையில் காபி டம்ளர். நான் தலையைக்கூடச் சரியாக வாரவில்லை. சின்னவன், "பொம்மைப் படம் போடு" என்று ரிமோட்டைத் தேடினான். வழக்கமாக அந்தப் பெட்டியில் அவன் பார்ப்பது அதைத்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. மகள் மறையுரை தொடங்குவதற்குள் சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் நான் சொன்ன ஒரே செபம் "சும்மா இரு" என்பதுதான். இறுதி ஆசீரில் சாமியார் கையை உயர்த்தியபோது எனக்கு நிம்மதி வரவில்லை, அழுகை வந்தது. இது ஒரு வாரத்தோடு முடியப்போவதில்லை என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, மார்ச் 27. நம் நேரப்படி இரவு பத்தரை மணி. உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் உலகத்துக்காகச் செபித்ததை நேரலையில் காட்டினார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. அத்தனை பெரிய சதுக்கத்தில் ஒருவரும் இல்லை. 1522இல் உரோமையில் கொள்ளைநோய் பரவியபோது தெருத்தெருவாகச் சுமந்து சென்ற பாடுபட்ட சுரூபம், சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம், நனைந்தபடி நின்றது. தூக்கம் வராமல் எழுந்து வந்த மகள் என் மடியில் ஏறிக்கொண்டாள். "ஏன் அம்மா தாத்தா மட்டும் தனியாக நிற்கிறார்?" என்று கேட்டாள். சொன்னேன். பிறகு மாற்கு நற்செய்தி வாசித்தார்கள். புயலில் படகு தத்தளிக்க, இயேசு பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கும் பகுதி. கடலோர ஊர்ப் பிள்ளைக்குப் படகையும் காற்றையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. "படகில் தலையணை இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். கடைசியில், இயேசுவின் உடலாக நாங்கள் வணங்கும் நற்கருணை அப்பத்தை ஏந்தி ஆசீர் கொடுத்தபோது பேராலய மணிகள் அடித்தன. எங்கோ ஒரு சைரனும் சேர்ந்து ஒலித்தது. அதுவரை என் மேல் சாய்ந்து கிடந்தவள் அந்த மணிச் சத்தத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் இதை மாமியிடம் சொன்னேன். மாமி சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் பூசை முழுவதும் லத்தீனில்தான். "ஒரு வார்த்தை புரியாது. சாமியார் நமக்கு முதுகைக் காட்டி நிற்பார். ஆனால் நடுப்பூசை மணி அடித்தால் தலையைக் குனிய வேண்டும், இயேசு வந்துவிட்டார் என்று மட்டும் தெரியும். அதற்காகவே காத்துக்கொண்டிருப்போம்" என்றார். பேசிக்கொண்டே எழுந்து போய்த் தன் தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய சிறிய பித்தளைக் கைமணி ஒன்றை எடுத்து வந்தார். மாமியின் அப்பா கடற்கரைக் கிராமம் ஒன்றில் உபதேசியாராக, அதாவது மறைக்கல்வி சொல்லிக்கொடுத்துச் சாமியாருக்கு உதவுபவராக, இருந்தவர். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்குச் சாமியார் நன்மை, அதாவது நற்கருணை, கொண்டுபோகும்போது, உபதேசியார் இந்த மணியை அடித்துக்கொண்டு முன்னால் நடப்பாராம். தெருவில் இருப்பவர்கள் வேலையை விட்டுவிட்டு முழந்தாளிடுவார்களாம். புளி போட்டுத் தேய்த்ததும் மணி பளபளத்தது.

மார்ச் 29 ஞாயிறு அன்று அந்த மணியை மகளிடம் கொடுத்தோம். சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது ஒரு முறை, கிண்ணத்தை உயர்த்தும்போது ஒரு முறை நீதான் அடிக்க வேண்டும் என்றோம். நற்கருணை மன்றாட்டு தொடங்கியதிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. எங்கே தவறவிட்டுவிடுவோமோ என்ற பதற்றத்தில் சாமியாரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சியில் எழுந்தேற்ற மணி ஈனமாகத்தான் கேட்டது. எங்கள் கூடத்தில் கணீரென்று ஒலித்தது. மாமி தலையைக் குனிந்தார். அதைப் பார்த்துச் சின்னவனும் குனிந்தான்.

அதன் பிறகு நாங்கள் மாற்றிய எல்லாம் அந்த மணியிலிருந்து வந்தவைதான். ஒளிபரப்பு கண்ணுக்கும் காதுக்கும் மட்டுமே தீனி போடுகிறது. கோயிலில் பிள்ளைக்கு எவ்வளவு வேலை இருந்தது என்பது வீட்டில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. தீர்த்தத் தொட்டியில் விரலை விட வேண்டும். எட்டாமல் எம்ப வேண்டும். எல்லோரும் எழுந்தால் எழ வேண்டும். காணிக்கைப் பையில் காசு போட வேண்டும். நன்மை வாங்கப் போகும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்து, சாமியார் நெற்றியில் இடும் சிலுவைக்காக முகத்தை உயர்த்த வேண்டும். இவை அனைத்தையும் பறித்துவிட்டு, "இதோ பார், பேசாதே" என்றால் எந்தப் பிள்ளைதான் உட்காரும்?

ஆகவே ஒவ்வொன்றாக வீட்டுக்குள் கொண்டுவந்தோம். சோபாவை விட்டு இறங்கினோம். பொம்மைப் படம் பார்க்கும் இடமும் பூசை காணும் இடமும் ஒன்றாக இருந்தால் பிள்ளையின் மனம் மாறாது. தரையில் பாய் விரித்தோம். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுவர்த்தி, விவிலியம். துணி விரிப்பது மகளின் வேலை. வீட்டில் இருந்த தீர்த்தக் குப்பியிலிருந்து ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக் கூடத்து வாசலில், சின்னவனுக்கு எட்டும் உயரத்தில் வைத்தோம். அதைத் தொட்டு நெற்றியில் வைப்பதற்காகவே அவன் நான்கு முறை வெளியே போய் வந்தான். போகட்டும் என்று விட்டோம். எல்லோரும் குளித்துக் கோயிலுக்குப் போகும் உடையை உடுத்திக்கொண்டோம். வெறும் தோற்றத்துக்காகச் செய்வதுபோல் முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்தப் பட்டுப் பாவாடையைக் கட்டிய மகள் அன்று தலைகீழாகத் தொங்கவில்லை.

காணிக்கைப் பாடலின்போது பிள்ளைகள் ஆளுக்கொரு நாணயத்தை மண் உண்டியலில் போட்டார்கள். அந்த உண்டியலைப் பின்னால் பங்குக் கோயிலில் உடைத்தோம். சமாதானம் பகிரும் நேரத்தில் ஒருவரையொருவர் கும்பிட்டோம். சின்னவன் எல்லோரையும் கட்டிப் பிடித்தான். நன்மை வாங்கும் நேரம்தான் கடினமாக இருந்தது. திரையில் ஆட்கள் இல்லாத கோயிலில் சாமியார் மட்டும் நன்மை உட்கொண்டார். நாங்கள் ஆன்மீக முறையில் நற்கருணை உட்கொள்ளும் செபத்தைச் சொன்னோம். புனித அல்போன்ஸ் லிகோரி எழுதிய அந்தச் செபம் நோயாளிகளுக்கும் கோயிலுக்கு வர இயலாதவர்களுக்கும் உரியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சொல்லும்போது ஒவ்வொரு வாரமும் மாமியின் குரல் உடையும். பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் அவர்களின் ஆச்சியான மாமி நெற்றியில் சிலுவை அடையாளம் இடுவார். அதற்கு அவர்கள் வரிசையில்தான் வர வேண்டும் என்று வைத்தோம். கூடத்தின் மறுகோடியிலிருந்து கைகட்டி நடந்து வருவார்கள்.

சனிக்கிழமை இரவு அடுத்த நாள் நற்செய்தியைக் கதையாகச் சொல்லிப் படுக்கவைக்கும் பழக்கமும் அப்போது வந்ததுதான். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் வேறு எதையும் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டும் செய்து பாருங்கள். தெரிந்த கதை திரையில் வரும்போது பிள்ளை முந்திக்கொள்கிறாள். லாசரைக் கல்லறையிலிருந்து எழுப்பும் பகுதியில், "லாசரே, வெளியே வா" என்று சாமியார் வாசிப்பதற்கு முன்பே மகள் கத்திவிட்டாள். கோயிலில் கத்தியிருந்தால் நான் வாயைப் பொத்தியிருப்பேன். வீட்டில் அதற்குத் தேவையில்லை.

ஒளிபரப்பால் கிடைத்த நன்மையையும் சொல்ல வேண்டும். கோயிலில் பிள்ளைக்கு முன்வரிசைக்காரர்களின் முதுகுதான் தெரியும். கேமரா பீடத்தின் அருகில் போகிறது. இரசத்தில் சாமியார் ஒரு துளி தண்ணீர் கலப்பதை மகள் கவனித்து, "ஏன்?" என்றாள். முப்பது வருடங்களுக்கு மேல் பூசை காண்கிறேன். அதை அவ்வளவு அருகில் நானும் அன்றுதான் பார்த்தேன். நாம் இயேசுவோடு கலந்துவிடுவதற்கு அடையாளம் என்று மாமி சொன்னார். "தண்ணீரைத் திரும்பப் பிரிக்க முடியாதா?" என்று கேட்டாள். முடியாது என்றோம். இன்னொரு நாள் சாமியார் கை கழுவும் சடங்கைக் கண்டு, "ஃபாதரும் கை கழுவுகிறார்!" என்று துள்ளிக் குதித்தாள். அந்த நாட்களில் நாளுக்குப் பத்து முறை கை கழுவச் சொல்லிப் பிள்ளைகளை வாட்டிக்கொண்டிருந்தோம் அல்லவா? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அந்த நேரத்திலேயே மெதுவான குரலில் பதில் சொல்லிவிடலாம். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பூசை முடியட்டும் என்று ஒத்திப்போட்டால் கேள்வி பிள்ளைக்கு மறந்துவிடும்.

எல்லாம் நன்றாகவே போனது என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், காலை ஒளிபரப்பைத் தவறவிட்டுவிட்டு இணையத்தில் பதிவைப் போட்டோம். சின்னவன் ரிமோட்டை அழுத்திவிட்டான். நற்கருணையை உயர்த்திய கையோடு சாமியார் அப்படியே உறைந்து நின்றார். பிறகு பின்னோக்கி ஓட்டினான். கைகள் இறங்கின, மறுபடி ஏறின. இரண்டு பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. அவர்கள் கெடுதலாக எதுவும் செய்யவில்லை. நிறுத்தக் கூடிய எதுவும் பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள்தான். அன்றிலிருந்து பதிவைப் போடுவதில்லை. அந்தந்த நேரத்தில் ஒளிபரப்பாகும் பூசைதான். பெரும்பாலும் மாதா தொலைக்காட்சி. நேரத்துக்கு முன்பே நாங்கள் தயாராக இருக்க வேண்டும். அது எங்களுக்காகக் காத்திராது. தொடங்கியதும் ரிமோட் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். கைப்பேசியில் பார்ப்பதையும் விட்டுவிட்டோம். சிறிய திரைக்குப் பிள்ளைகள் முட்டி மோதுவார்கள். நடுவில் யாராவது அழைப்பார்கள்.

இன்னொரு நாளை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஏப்ரல் 26, எம்மாவு சீடர்களின் நற்செய்தி. எழுந்தேற்ற நேரத்தில் சின்னவன் தன் பொம்மை லாரியைச் சத்தத்தோடு தொலைக்காட்சிக்கு முன்னால் ஓட்டினான். மெழுகுவர்த்தி சாய்ந்து துணியில் மெழுகு கொட்டியது. அவனை ஒரு கையில் தூக்கிப் பக்கத்து அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். அவன் கதவில் அடித்துக்கொண்டு அலறினான். நான் திரும்பி வந்து கைகூப்பி உட்கார்ந்தேன். மகள் மணியை அடிக்கவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பூசை முடியும்வரை மாமி ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கோயிலில் பிள்ளை அழுதால் அவனைத் தூக்கிக்கொண்டு நீயும் வெளியே போவாய். இங்கே அவனை மட்டும் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாயே." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஞாயிறு மகள் மணியைத் தொட மறுத்தாள். "சத்தம் போட்டால் இயேசு தம்பியைக் கதவுக்கு வெளியே வைத்துவிடுவாரா?" என்று கேட்டாள். என் மகளின் மனத்தில் அந்தக் கேள்வியைப் போட்டது நான். இரண்டு பேரையும் உட்காரவைத்து, அம்மா செய்தது தவறு, இயேசு அப்படிச் செய்ய மாட்டார் என்றேன். சின்னவனுக்கு என்ன புரிந்ததோ, என் கன்னத்தைத் தடவினான். மகள் மணியை மறுபடி எடுக்க மூன்று வாரம் ஆனது.

பிள்ளை வெளியே போக வேண்டியிருந்தால் பெரியவர் ஒருவரும் கூடவே போக வேண்டும் என்று அன்று முடிவு செய்தோம். யார் போவது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வோம். ஒரு வாரம் நான், ஒரு வாரம் கணவர். மறையுரை நேரத்தில் சின்னவனுக்கு முழு விடுதலை. மொட்டை மாடிக்குப் போய்க் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு விசுவாச அறிக்கைக்குத் திரும்பினால் போதும். மகள் அந்த நேரத்தில் நற்செய்தியைப் படமாக வரைவாள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை ஒரு மணி நேரம் முழுவதும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே பிழை. நற்செய்தியும் எழுந்தேற்றமும் கிடைத்தால் அவனுக்கு நிறைவு. சில வாரம் அதுவும் கிடைக்காது. பல் முளைக்கும், காய்ச்சல் அடிக்கும். அப்போது ஒரு பாட்டுப் பாடி நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு விட்டுவிடுவோம்.

ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரத்துக்கு வருகிறேன். 2020இல் எங்கள் வீட்டில் நடந்த பரிசுத்த வாரத்தைப் போல இன்னொன்று எனக்குக் கிடைக்குமா என்று தெரியவில்லை. குருத்து ஞாயிறு ஏப்ரல் 5. பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து ஒரு குருத்தோலை கிடைத்தது. சனிக்கிழமை மாலை மாமி பிள்ளைகளுக்குச் சிலுவை பின்னக் கற்றுக்கொடுத்தார். ஒளிபரப்பில் பவனி இல்லை. நாங்கள் அடுப்படியிலிருந்து கூடம்வரை ஓசான்னா பாடி வந்தோம். அன்று இரவு ஒன்பது மணிக்கு நாடெங்கும் ஒன்பது நிமிடம் விளக்கேற்றச் சொல்லியிருந்தார்கள். காலையில் முக்காலியில் எரிந்த அதே மெழுகுவர்த்தியோடு பால்கனியில் நின்றபோது, "இன்றைக்கு எல்லோர் வீட்டிலும் பூசையா?" என்றாள் மகள்.

பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்கு அந்த ஆண்டு எங்கும் இல்லை. நோய்ப் பரவலை முன்னிட்டு அதை விட்டுவிடும்படி வத்திக்கான் அறிவித்திருந்தது. தொலைக்காட்சியில் இல்லாததை நாங்கள் வீட்டில் செய்தோம். கணவர் தாம்பாளமும் செம்பும் எடுத்துவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதலில் தன் அம்மாவின் பாதங்களைக் கழுவினார். மாமியின் குதிகால் வெடிப்புகளில் அவர் விரல் தயங்கி நின்றதை நான் பார்த்தேன். பிறகு என்னுடையது, பிள்ளைகளுடையது. "அப்பாவுக்கு யார்?" என்று கேட்டுவிட்டுச் சின்னவனே செம்பைப் பிடுங்கினான். கூடம் முழுவதும் தண்ணீர். துடைத்து முடிக்க அரைமணி நேரம் ஆனது. அதற்குள் ஒளிபரப்பு எங்களைத் தாண்டிப் போய்விட்டது, வருத்தம் இல்லை.

வியாழன் பூசையில் உன்னதங்களிலே கீதத்துக்குப் பின், ஈஸ்டருக்கு முந்தைய இரவான பாஸ்கா இரவில் அதே கீதம் வரும்வரை கோயிலில் மணி அடிக்கக் கூடாது. ஆகவே எங்கள் மணியும் துணியில் சுற்றப்பட்டு முக்காலிக்கு அடியில் போனது. அந்த இரண்டு நாளும் மகள் அவ்வப்போது குனிந்து அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பெரிய வெள்ளி அன்று சாமியார் பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்ததும், "ஃபாதருக்கு உடம்பு சரியில்லையா?" என்று பயந்துவிட்டாள். இதை முன்பே சொல்லி வைக்காதது என் பிழை. பிள்ளையைக் கலங்கடிக்கக் கூடிய காட்சி எது என்று பெற்றோர் முதல் நாளே யோசித்துவைக்க வேண்டும். சிலுவைப்பாடு தொடர்பான நாடகங்களையும் படங்களையும் அந்த நாட்களில் திரும்பத் திரும்பப் போடுவார்கள். அடிப்பதையும் இரத்தத்தையும் அருகில் காட்டுவார்கள். என் பிள்ளைகளுக்கு அவற்றை நான் காட்டவில்லை; ஏழு எட்டு வயது வரை வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கையிலிருக்கும் பாடுபட்ட சுரூபத்தை முத்தமிடக் கொடுத்தால் அந்த வயதுக்கு அது போதும்.

பாஸ்கா திருவிழிப்பு இருட்டில் தொடங்கும். தொலைக்காட்சியில் இருட்டு என்றால் கறுப்புத் திரைதான். "கரண்ட் போய்விட்டது" என்றான் சின்னவன். கணவர் எழுந்து போய் வீட்டின் எல்லா விளக்குகளையும் அணைத்தார். அதன் பிறகுதான் அது இருட்டாயிற்று. திரையில் பாஸ்கா திரியின் ஒற்றைச் சுடர் தெரிந்தது; "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்ற குரல் வந்தது. முக்காலித் திரியிலிருந்து ஆளுக்கொரு மெழுகுவர்த்தியை ஏற்றினோம். வாசகங்கள் தொடங்கியதும் மகன் என் மடியில் தூங்கிவிட்டான். மகள் தூங்கவில்லை. உன்னதங்களிலே தொடங்கியதும் அவள் துணியை உருவியெறிந்து மணியை அடித்தாள். பாட்டு முழுவதும் அடித்தாள். கை வலித்து மறுகைக்கு மாற்றி அடித்தாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து, எங்கள் மதத்தைச் சேராத அந்த அக்கா, "என்ன விசேஷம்?" என்று குரல் கொடுத்தார். "இயேசு எழுந்துவிட்டார்!" என்று மகள் ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

ஜூலை 26 அன்று எங்கள் ஊர்ப் பனிமய மாதா பேராலயத் திருவிழாவின் கொடியேற்றம் வந்தது. மக்கள் இல்லாமல் நடந்த அதையும் திரையில்தான் பார்த்தோம். செப்டம்பர் 1 முதல் தமிழகத்தில் கோயில்கள் திறந்தன. ஆனால் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களும் பத்து வயதுக்குக் கீழான பிள்ளைகளும் வீட்டிலேயே இருக்கும்படி அறிவுறுத்தியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அது ஆச்சியும் இரண்டு பேரப்பிள்ளைகளும். நானும் கணவரும் முறைவைத்துக் கோயிலுக்குப் போனோம். அந்த மாதங்களில் கூடத்துப் பூசையை நடத்தியவர் மாமிதான். கத்தோலிக்க வானொலியான வேரித்தாஸ் மணிலாவிலிருந்து தமிழில் ஒலிபரப்பிய காலத்தில், சிற்றலைப் பெட்டியைச் சுற்றித் தன் பிள்ளைகளை உட்காரவைத்தவர் அவர். படமே இல்லாமல் பிள்ளைகளை அடக்கி உட்காரவைத்தவருக்குப் படத்தோடு உட்காரவைப்பது பெரிய காரியமா?

மகளை மறுபடி கோயிலுக்கு அழைத்துச் சென்றபோது அவள் முகம் வாடிவிட்டது. "டிவியில் ஃபாதர் கை நன்றாகத் தெரியும். இங்கே ஒன்றும் தெரியவில்லை" என்றாள். இந்த ஏமாற்றம் வரும், தயாராக இருங்கள். அடுத்த வாரம் கால்மணி நேரம் முன்னதாகப் போய் முதல் வரிசையில், பீடச் சிறுவர்கள் நிற்கும் பக்கமாக உட்கார்ந்தோம். மணி அடிக்கும் பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் போக முடிகிறவர்கள் போகத்தான் வேண்டும். சோபா வசதிக்காக வீட்டிலேயே தங்கிவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளை நினைத்து வருந்துகிறேன். 2023 ஆகஸ்டு 5 அன்று, பத்து ஆண்டுகளுக்குப் பின் பனிமய மாதாவின் தங்கத்தேர் ஓடியபோது, நடக்க முடியாத மாமி வீட்டில் நேரலையில் பார்த்தார். நாங்கள் தெருவில் நின்றோம்; எங்களைவிட அவருக்கே மாதாவின் முகம் தெளிவாகத் தெரிந்திருக்கும். கணவர் சின்னவனைத் தூக்கி வடத்தைத் தொடவைத்தார். வீட்டுக்கு வந்ததும் அவன் நேராக ஓடித் தன் உள்ளங்கையை ஆச்சியின் மூக்கருகே நீட்டினான். "முகர்ந்து பாருங்கள் ஆச்சி, தேர் வாசம்."

மாமி இப்போது படுக்கையோடு இருக்கிறார். நோயுற்றுக் கிடந்த புனித கிளாரா, கிறிஸ்துமஸ் இரவில் கோயில் வழிபாட்டைத் தன் அறையிலிருந்தே கண்டதாகச் சொல்வார்கள். அதனால்தான் 1958இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக அறிவித்தார். அந்தப் புனிதையின் படத்தை மாமியின் கட்டிலுக்கு எதிரே ஒட்டியிருக்கிறோம். தொலைக்காட்சியும் அந்த அறைக்கே போய்விட்டது. ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போய்வந்த பிறகு பிள்ளைகளில் ஒருவர் ஆச்சியோடு உட்கார்ந்து ஒளிபரப்புப் பூசையைப் பார்க்கிறார்கள். காது மங்கிவிட்டதால் எழுந்தேற்றத்தின்போது மணியைக் காதருகில் அடிக்க வேண்டும். 2025 ஏப்ரல் 26 அன்று திருத்தந்தை பிரான்சிஸின் அடக்கத் திருப்பலியையும் அந்த அறையில்தான் பார்த்தோம். அதே சதுக்கம், இந்த முறை கூட்டம் நிரம்பி வழிந்தது. "மழையில் தனியாக நின்ற தாத்தா" என்று மகள் தம்பிக்குச் சொன்னாள். அவனுக்கு அந்த இரவு தெரியாது. ஆச்சியின் கையைப் பிடித்தபடி, படகு, தலையணை, சைரன் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாதத்தின் முதல் வெள்ளி அன்று பங்குச் சாமியார் மாமிக்கு நன்மை கொண்டுவருகிறார். போன மாதம் அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் சின்னவன் கைமணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். நான் எதுவும் சொல்லித் தரவில்லை. ஆச்சி எப்போதோ கதையாகச் சொல்லியிருக்க வேண்டும். சாமியார் நற்கருணைச் சிமிழை நெஞ்சோடு அணைத்து உள்ளே வந்தார். அவன் மணியை அடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். வாசல், கூடம், தாழ்வாரம், அறை. கட்டிலில் மாமி கண்ணைத் திறந்து, கைகளைக் கூப்ப முயன்றுகொண்டிருந்தார்.